எதிரே என்ன தெரிகிறது என்று கேட்பவள்

“ஒரே சத்தத்தை ரெண்டு சாமானுக்கு வெச்சுட்டு, அப்புறம் நான்தான் தப்பா கேட்டேன்னு என் மேல பாயறாங்கக்கா. வேற வார்த்தையா கிடைக்கல இவங்களுக்கு?”

வேலை முடிந்து வந்ததும் என் ஓரகத்தி வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் இதுதான். ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள். மழை பெய்தாலும் இதுதான், காய்ச்சல் அடித்தாலும் இதுதான். ‘இவங்க’ என்றால் உலகத்தில் இங்கிலீஷ் பேசுகிற அத்தனை பேரும். அவர்களெல்லாம் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இவளை எப்படிக் குழப்பலாம் என்று யோசித்து வார்த்தை செய்ததாக அவள் நினைப்பு.

அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவரின் தம்பி மனைவி. நாங்கள் கீழ்வீடு, அவர்கள் மாடி. மாடியிலும் அடுப்பு இருக்கிறது. ஆனால் அவள் உட்காருவது என் அடுப்படியில்தான். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் கிடக்கும். அதில் அவள் உட்கார்ந்துவிட்டால் ஃப்ரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கும். பால் எடுக்க வேண்டுமென்றால் அவள் முழங்காலைத் தள்ளிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வயதில் என்னைவிடச் சின்னவள், குரலில் பெரியவள். யாரையும் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை, எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவளைப் பற்றி மட்டும் நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முன்பு அவள் காய்கறியை உறைய வைத்துப் பையில் அடைக்கிற தொழிற்சாலையில் நின்றாள். ‘வேலை பார்த்தாள்’ என்று எழுதாமல் ‘நின்றாள்’ என்று எழுதுவது வேண்டுமென்றேதான். ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். தரை ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு போவாள், அப்படியும் வீட்டுக்கு வரும்போது கால் விறைத்துப்போயிருக்கும். வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “இனிமே நின்னு செய்யற வேலைக்குப் போனா இந்த முட்டி உங்களுக்கு இல்லை” என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அவளாகவே விசாரித்து, அவளாகவே விண்ணப்பம் போட்டு, நேரில் போய் நாலு கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கிய வேலைதான் வாடகைக் கார் கம்பெனியில் ஃபோன் எடுக்கிற வேலை. காதில் ஹெட்ஃபோன். முன்னால் கம்ப்யூட்டர். எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டு அடித்தால், டிரைவருக்குப் போய்விடும். நாற்காலிக்குச் சக்கரம் வேறு. அந்த நாற்காலியை அவள் வர்ணித்த மாதிரி தன் கல்யாணப் புடவையைக்கூட வர்ணித்ததில்லை.

நேரில் பேசும்போது அவள் இங்கிலீஷில் ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் வேலை கொடுத்தார்கள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறாள் என்பது அவளுக்கே அதுவரை தெரியாது. ஃபோனில் உதடு ஏது?

முதல் வாரத்தில் நாமெல்லாம் செய்வதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். புரியாவிட்டாலும் “எஸ், எஸ்” என்பது. கடையில், பள்ளிக்கூடத்தில், பாங்கில் என்று, இங்கிலீஷ் ஊருக்கு வந்த நம்மாட்கள் எல்லா இடத்திலும் செய்கிற காரியம். இரண்டு தடவை கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று தலையை ஆட்டிவிட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து ‘அவன் என்னதான் சொன்னான்’ என்று ஆராய்ச்சி பண்ணுவோம். அவளும் ஒரு பெரியவர் சொன்ன விலாசத்துக்கு “எஸ்” போட்டாள். கார் வேறு ஒரு தெருவுக்குப் போய் நின்றது. பெரியவர் ரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டியவர். கையில் பையோடு வாசலிலேயே நின்றிருக்கிறார். மறுபடி ஃபோன் பண்ணியபோது கோபப்படவில்லையாம். “என் தப்புதாம்மா, நான் சரியா சொல்லலைபோல” என்றாராம்.

அன்றைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவள் டீயைக்கூடத் தொடவில்லை.

“திட்டியிருந்தா பரவாயில்லைக்கா. மன்னிப்புக் கேக்கறாரு. எங்கிட்ட.”

“சரி, விடு. இனிமே ஒழுங்கா கேளு.”

“அதான் கேக்கப்போறேன். எத்தனை தடவை ஆனாலும் கேக்கப்போறேன். இனி புரியாம எஸ் சொல்ல மாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. ஒவ்வொரு அழைப்பிலும் “மறுபடி சொல்லுங்க, மறுபடி சொல்லுங்க” என்று கேட்டுக்கேட்டு, ஆபீஸில் அவளுக்கு ‘மறுபடி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தவர் பக்கத்து சீட்டுக்காரர். நம் ஆள்தான், தமிழ்தான் பேசுவார். அவர் ஒரு அழைப்பை எடுத்து முடிப்பதற்குள் இவள் ஹெட்ஃபோனைச் சரிபண்ணி முடித்திருக்க மாட்டாள். அவ்வளவு வேகம். அதனால் இவள் அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பதில் பெயர் வைத்தாள்.

“ஏம்மா மறுபடி, அவங்க கார் கேக்கறாங்களா, உன்கூட குடும்பம் நடத்தக் கேக்கறாங்களா?”

“எக்ஸ்பிரஸ் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது சார். நான் பாசஞ்சர். நான் நின்னுதான் போவேன்.”

வாயில் சமாளித்துவிட்டாள். சூப்பர்வைசரிடம் சமாளிக்க முடியவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார் அல்லவா? கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று சிலர் புகார் சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் காத்திருந்தவர்கள் ஃபோனை வைத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: மாதக் கடைசியில் ஒருநாள் பக்கத்தில் அமர்ந்து அவள் பேசுவதை முழுக்கக் கேட்பேன், அதன்பிறகு இந்த நாற்காலி அவளுக்கா இல்லையா என்று முடிவுசெய்வேன்.

நாற்காலி போனால் மறுபடி காய்கறித் தொழிற்சாலைதான். வேறு யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த ஐஸ் தரையும், அந்த முழங்காலும்.

என் கொழுந்தன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“அவர் பக்கத்துல இருக்கற அன்னிக்கு மட்டும் எல்லாத்துக்கும் ஓகே சொல்லிடு. ஒரு நாள் கூத்துதானே.”

“அன்னிக்குக் கார் தப்பாப் போனா?”

“போனா போகுது. அவன் மறுபடி கூப்பிடுவான்.”

“ஏங்க, உங்கம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற கார் தப்பாப் போனா, போனா போகுதுன்னு சாப்பிடுவீங்களா?”

அவன் தட்டை நீட்டினான். நான் இன்னொரு கரண்டி போட்டேன். அந்த வாய் அதற்கு மட்டும்தான் லாயக்கு.

மறுநாளிலிருந்து என் அடுப்படி பள்ளிக்கூடமானது. யார் வாத்தியார், யார் மாணவி என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் கடைசி பெஞ்சுதான். அவளை இடறிவிடும் வார்த்தைகளை அவளே ஞாபகம் வைத்துக்கொண்டு வருவாள். முதலில் நான்தான் சொல்லிக் காட்டினேன்.

“அக்கா, நீங்க சொன்னா எனக்கு எல்லாமே நல்லாப் புரியுது. ஏன்னா நீங்களும் என்னை மாதிரியே தப்பாத்தான் சொல்றீங்க.”

அதுவும் சரிதான். அதனால் என் ஃபோனை எடுத்தோம். அதில் வார்த்தையை அடித்தால் ஒரு பெண் குரல் இங்கிலீஷ்காரி மாதிரியே சொல்லிக்காட்டும். நான் திரையை முந்தானையால் மறைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் போடுவேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். இங்கிலீஷில் முதுகு என்று கேட்டால் இடது கிண்ணத்தில் ஒரு வெங்காயம், பை என்று கேட்டால் வலது கிண்ணத்தில். இங்கிலீஷில் முதுகுக்கும் பைக்கும் வித்தியாசம் கடைசி எழுத்தில்தான். தமிழில் எழுதிப்பாருங்கள், இரண்டும் ‘பேக்’தான். நம்முடைய ‘க’ எல்லா வேலையும் செய்யும், ‘ப’வும் அப்படித்தான். நம் காது அதிலேயே வளர்ந்தது.

அதனால் வெங்காயம் இஷ்டத்துக்கு விழுந்தது. காதைப் பொத்திக்கொண்டு போட்டிருந்தாலும் அந்த அளவுக்குச் சரியாக விழுந்திருக்கும்.

என் கொழுந்தன் எட்டிப்பார்த்தான். “என்ன அண்ணி, வெங்காயத்துக்கு டியூஷனா?”

“உன் பொண்டாட்டிக்குக் காது பழக்கறோம். நீ வாயை மூடினா பாதி பழகிடும்.”

ஒரு வாரம் இப்படியே ஓடியது. வெங்காயச் செலவுதான் மிச்சம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அக்கா, அந்த முதுகை மறுபடி போடுங்க.”

போட்டேன்.

“இப்ப பை.”

போட்டேன்.

“திரும்ப முதுகு.” கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “இது படம். அது பாடம்.”

“என்னடி உளர்றே?”

“கடைசியில வர்ற சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல. அதைத்தான் இத்தனை நாளா காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டுட்டு இருந்தேன். நடுவுல கேளுங்க. முதுகுன்னா சட்டுனு வெட்டிடறா. பைன்னா கொஞ்சம் இழுக்கறா. குறில், நெடில். அவ்வளவுதான்.”

நானும் கேட்டேன். ஆமாம். படத்துக்கும் பாடத்துக்கும் உள்ள அளவு பெரிய இழுப்பு இல்லை, ஆனால் இழுப்பு இழுப்புதான். இருக்கைக்கும் விதைக்கும் போட்டோம், நமக்கு இரண்டும் ‘சீட்’தான். இருக்கை வெட்டு, விதை இழுப்பு. விலைக்கும் பரிசுக்கும் போட்டோம், இரண்டும் ‘பிரைஸ்’. அங்கேயும் அதே கதை. குறிலும் நெடிலும் மாறினால் நமக்கு உடனே நெருடும், கல்லைக் கடித்த மாதிரி. அந்தக் காதை எடுத்து இந்த வேலைக்குப் போட்டுவிட்டாள். வெங்காயம் ஒழுங்காகக் கிண்ணத்தில் விழ ஆரம்பித்தது. என் இத்தனை வருஷ சமையலில் வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வார்த்தையின் தொடக்கத்தில் வரும் சத்தத்துக்கு இது உதவவில்லை. ‘பின்’ என்றே நாம் எழுதுகிற குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் நீட்டமும் இல்லை, குறுக்கமும் இல்லை. அதற்கு மாவு உதவியது. உள்ளங்கையில் கொஞ்சம் கோதுமை மாவை வைத்துக்கொண்டு வாய்க்கு நேரே பிடித்தாள். அவள் வழக்கமாகச் சொல்லுகிற மாதிரி சொன்னால் இரண்டு வார்த்தைக்கும் மாவு அசையவில்லை. அந்தப் பெண் குரலைப் போலவே வாயை வைத்துக்கொண்டு சொன்னபோது, குண்டூசிக்கு மாவு பறந்தது. குப்பைத்தொட்டிக்கு அப்படியே இருந்தது. இங்கிலீஷ்காரர்கள் அங்கே ஒரு சின்ன ஊதலை ஒளித்துவைத்திருக்கிறார்கள். வாய் ஊதப் பழகியதும், அந்த ஊதல் காதுக்கும் கேட்க ஆரம்பித்தது. ‘கோட்’டில், போடுகிற கோட்டு ஊதும், ஆடு ஊதாது. ‘பேர்’ என்பதில் பேரிக்காய் ஊதும், கரடி ஊதாது. என் ஜன்னல், என் டைல்ஸ், என் கொழுந்தனின் கறுப்புச் சட்டை எல்லாம் வெள்ளையானது. துடைத்தது நான்தான். புகழ்ச்சி எழுதினாலும் இதையும் எழுதத்தான் வேண்டும்.

எல்லாம் வசப்பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். மேற்குத் திசைக்கும் உள்ளே போடுகிற பனியனுக்கும், அந்த இரண்டு ‘வெஸ்ட்’டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குக் கடைசிவரை கேட்கவில்லை. எனக்கும்தான். ஃபோன் சூடாகும்வரை போட்டுப்பார்த்தோம். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, “இது எனக்குக் கேக்காதுக்கா. விடுங்க. இதைக் கேக்காத பக்கம் வெச்சுக்கறேன்” என்றாள். கேட்கிறது ஒரு பக்கம், கேட்காதது ஒரு பக்கம் என்று மனதுக்குள் பிரித்து வைத்திருந்தாள். தனக்கு எது வராது என்று இவ்வளவு சுத்தமாகத் தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு ஆண்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் கேட்காத பக்கத்தில் இருப்பதை என்ன செய்வது? மறுபடி கேட்டால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்கிறார்கள். சத்தமாகச் சொன்னால் புரியாதது புரிந்துவிடுமா? வீட்டு நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறார்கள், அது பரவாயில்லை. தெருப் பெயர்தான் தலைவலி. எழுத்துக்கூட்டச் சொன்னால் இன்னும் மோசம். இங்கிலீஷ் எழுத்துகளில் நிறைய ‘ஈ’ என்றுதான் முடிகின்றன, ஃபோனில் எல்லாம் ஒன்றாகவே ஒலிக்கும்.

இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது. வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர், அவரும் தமிழ்தான். வீடு தெரியவில்லை, தெருமுனையில் நிற்கிறேன் என்றார். வழக்கம்போலச் சொன்னேன்.

“நேரா வாங்க. டயர் கடை வரும். அதுக்கு எதிர்ல பச்சை கேட்டு. வெளிப்பக்கமா இரும்பு மாடிப்படி இருக்கும். படியில ஏறாதீங்க, கீழ்வீடு.”

ஃபோனை வைத்தேன். இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்பரே சொல்லலியேக்கா நீங்க.”

“நம்பரை யாரு பார்க்கறா? டயர் கடையைப் பார்க்காம வந்துடுவாரா?”

“தெரு பேரும் சொல்லல.”

“எனக்கே அது சரியா வராது. எதுக்கு இப்ப குறுக்கு விசாரணை?”

ஸ்டூலிலிருந்து எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். டீயை முழுதாகக் குடிக்காமல் அவள் எழுந்தது அது இரண்டாவது தடவை.

மறுநாளிலிருந்து ஆபீஸில் “மறுபடி சொல்லுங்க” என்பதை நிறுத்திவிட்டாள். காது நம்பாத இடம் வந்தால் வேறு ஒன்று கேட்டாள்: “உங்க வாசல்ல நின்னா எதிர்ல என்ன தெரியுது?” இங்கிலீஷில்தான். அவர்கள் சொன்னதை விலாசத்துக்குக் கீழே டிரைவருக்கு அடித்துவிடுவாள். எதிரே நீலக் கதவு போட்ட பல் டாக்டர். எதிரே மரம் சாய்ந்து நிற்கிற சுவர். தெருப் பெயர் ஒரு எழுத்து பிசகியிருந்தாலும், பல் டாக்டர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று டிரைவருக்குத் தெரியும்.

நமக்கு இது பெரிய விஷயமா? பிறந்ததிலிருந்து இப்படித்தானே வழி சொல்கிறோம். ஃபோனில் பேசியவர்களுக்கு இது விசித்திரமாக இருந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர், கார் கம்பெனிக்கு என் எதிர்வீட்டைப் பற்றி என்ன கவலை என்று எகிறினார்கள். எக்ஸ்பிரஸ் சும்மா இருப்பாரா?

“மறுபடின்னு பேர் வெச்சது தப்பாப்போச்சு. எதிர்வீட்டுக்காரின்னு வெச்சிருக்கணும்.”

மாதக் கடைசியும் வந்தது. சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப்போட்டு, இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு நடந்ததை அவள் பாதிதான் சொன்னாள். மீதியைச் சொன்னவர் எக்ஸ்பிரஸ். மழை என்று அவளைத் தன் காரில் கொண்டுவந்து விட்டவர், வாசலிலேயே நின்று குடையை மடக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கிறது. இழுப்பு, ஊதல் எல்லாம் அவள் காது பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணிவாக்கில் ஒருவர் கூப்பிட்டார். அவசரம், கோபம். பின்னால் குழந்தை அழுகிறது. தெருப் பெயரைச் சொன்னார். இவளுக்குக் கேட்காத பக்கத்தைச் சேர்ந்த பெயர். சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கிறார். கடிகாரம் ஓடுகிறது. ஒரு “ஓகே” போட்டால் முடிந்தது, நாற்காலி மிஞ்சும்.

“எனக்கே வேலை ஓடலைம்மா” என்றார் எக்ஸ்பிரஸ். “போட்டுத் தொலையேன்னு மனசுக்குள்ள கத்தறேன். இது திரும்பி சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்துட்டு, அந்த ஆளுகிட்ட கேக்குது, எதிர்ல என்ன தெரியுதுன்னு.”

அந்த ஆள் கத்தியிருக்கிறார். இவள் குரலை உயர்த்தவில்லை. “எனக்கு ரெண்டு தெரு காதுல விழுது. தப்பான தெருவுக்குக் கார் போனா நீங்கதான் நிக்கணும். எதிர்ல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். பிறகு அவர், எனக்குத் தெரியாது, இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன், பார்த்ததில்லை என்றாராம். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று இருக்கிறது என்று சொல்லும்போது குரலே மாறியிருந்ததாம். கார் நேராகப் போய் அங்கே நின்றது.

சூப்பர்வைசர் சாயங்காலம்வரை கேட்டார். இடையில் எழுந்து டிரைவர்கள் டீ குடிக்கிற இடத்துக்குப் போய்விட்டு வந்தார். கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

எக்ஸ்பிரஸ் போனதும், அறையில் என்ன முடிவானது என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்க பயம். ஷூவைக் கழற்றினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். வழக்கமான புலம்பல் வரவில்லை.

“அந்த சீட்டுலேர்ந்து எடுத்துட்டாங்கக்கா.”

நான் கேஸை அணைத்தேன்.

“நான் மெதுவாம். காலையிலயும் சாயங்காலமும் கூட்டமா ஃபோன் வர்றப்போ என்னால முடியாதாம். அவர் சொன்னது சரிதான். நான் மெதுவுதான்.”

“சரின்னு நீயே சொல்றியா?”

“உண்மையைத்தானே சொன்னாரு. அப்புறம் டிரைவருங்ககிட்ட கேட்டாராம். என்கிட்டேர்ந்து வர்ற விலாசம்னா தெருவுல நிறுத்தித் தேடவே வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அதனால பெரிய ஆஸ்பத்திரியில நம்ம கம்பெனி கவுன்ட்டர் இருக்கில்ல, அதுல உக்காரச் சொல்லிட்டாரு. சிகிச்சைக்கு வர்றவங்க, போறவங்க எல்லாருக்கும் கார் நான்தான் போடணும். ஃபோனும் இருக்கு. ஆனா அவசரம் கிடையாது.”

“நாற்காலி?”

“இருக்குக்கா. சக்கரம் இல்ல.”

“சக்கரம் எதுக்கு? ஓடவா போறே? முதல்லயே நாற்காலின்னு சொல்லித் தொலைஞ்சிருக்கலாமில்ல, என் உயிர் போச்சு.”

அப்போதுதான் சிரித்தாள். ஆனால் சுத்தமான சந்தோஷம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஹாலில் வரிசையாக எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, நடுவில் தானும் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. எக்ஸ்பிரஸோடு வாயாடுவது பிடித்திருந்தது. அது போய்விட்டது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். என் கொழுந்தன் மட்டும், தான் சொன்ன வழியில் போயிருந்தால் சக்கர நாற்காலி கிடைத்திருக்கும் என்றான். அன்றைக்கு அவன் தட்டில் இரண்டாவது கரண்டி விழவில்லை.

போன மாதம் என் கணவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்காகப் போனபோதுதான் அவள் வேலை பார்ப்பதை நேரில் பார்த்தேன். கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எங்கே போக வேண்டும் என்று இவள் கேட்டாள். அந்த அம்மா ஏதோ முனகினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமையில்லாமல் கால் மாற்றினார்கள். இவள் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அந்த அம்மா நிமிர்ந்தார். எதிர்வீட்டில் முன்பு ஒரு சிநேகிதி இருந்தாள், இப்போது இல்லை, அவள் வைத்த மஞ்சள் பூச்செடி மட்டும் கேட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது என்று ஆரம்பித்துச் சொன்னார். இவள் தலையாட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கேட்டாள். மஞ்சள் செடி என்று அடித்தாள். டிரைவர் வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

என் கணவர் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, “நம்ம வீட்ல இவ்வளவு பொறுமையா யாரும் கேட்டதில்லையே” என்றார். “நீங்க மஞ்சள் செடியைப் பத்திப் பேசுங்க, கேக்கறேன்” என்றேன்.

காது கூர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, புரிகிறவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது வேறு. அதை அவளிடம்தான் பார்த்தேன். இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறிவிடும்.

நீங்கள் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் அவளைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய வாசலில் நுழைந்து இடது கைப்பக்கம் திரும்புங்கள். மருந்துக் கடையைத் தாண்டி, லிஃப்டுக்கு முன்னால், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். கார் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. காலையில் போகாதீர்கள், கூட்டமாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள், பேச ஆள் இல்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தமிழில் பேச யாராவது வந்தால் சந்தோஷம். கொஞ்சநேரம் இருந்து பேசிவிட்டு வாருங்கள்.